காற்று இயந்திரம் செய்தல்: சோளகக் காற்றை ஓர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவர

மர உருளை ஒன்று, அதன் மேல் போர்த்திய கன்வஸ் துணி, சுழற்ற ஒரு கைபிடி. காற்று இயந்திரம் என்பது இவ்வளவுதான். நாடக மேடைகளில் திரைக்குப் பின்னால் கிடந்த இந்தப் பொறியை இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1897இல் எழுதிய 'டொன் கிஹோட்டே'யில் ஓர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்தார். ராவெல் 1912இல் 'டாஃப்னிஸும் குளோயேயும்' பாலே இசையில், இருள் சூழும் ஒரு மெல்லிய இடத்தில் அதைச் சேர்த்தார். 1915இல் ஸ்ட்ராஸே 'அல்பைன் சிம்பொனி'யின் மலைப்புயலுக்கு அதை மறுபடி எடுத்தார். 1953இல் அரங்கேறிய வோன் வில்லியம்ஸின் 'சின்ஃபோனியா அன்டார்டிக்கா' தென்துருவத்தின் பனிவெளியை இந்த இயந்திரத்தையும் சொல்லில்லாத பெண் குரல்களையும் சேர்த்து வரைகிறது.

இங்கே எழுதியிருப்பது, முப்பது பேர் அளவிலான ஓர்கெஸ்ட்ரா ஒன்றுக்காகக் கொழும்பில் செய்த இயந்திரத்தைப் பற்றி. உருப்படி புதியது, ஆறு நிமிடம். கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரை ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் கடலை வரைவது. பாதிப் பதிவு தச்சு வேலை, மீதி இசை. இரண்டையும் பிரித்து எழுத முடியாது. பலகையின் விளிம்பை எவ்வளவு மழிப்பது என்ற கேள்விக்கே விடை ஸ்கோரில், அதாவது எல்லா வாத்தியங்களுக்கும் எழுதிய இசைத்தாளில்தான், இருக்கிறது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்று: இந்த இயந்திரம் எவ்வளவு பலமாக ஒலிக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு மெதுவாக ஒலிக்க வேண்டும் என்று கேளுங்கள். பலம் தானாக வரும். எந்தத் துணியை எந்தப் பலகையில் உரசினாலும் வேகமாகச் சுற்றினால் இரைச்சல் வரும். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கி, ஒன்றுமில்லாத இடத்தில் அடங்கும் காற்றுத்தான் கடினம். திடீரென்று தொடங்கும் காற்று கேட்பவருக்கு இயந்திரமாகத்தான் கேட்கும். அது எப்போது வந்தது என்று தெரியாமல் வந்திருந்தால்தான் அவர் வெளியைப் பார்ப்பார். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு தேவைக்காக வைத்தவை.

உருளை

இரண்டு வட்டங்கள், 18 மி.மீ. பிளைவுட், விட்டம் 560 மி.மீ. இவற்றின் விளிம்பில் 24 சட்டங்கள், ஒவ்வொன்றும் 500 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிப்பு. சட்டங்களைத் தட்டையாகப் பொருத்தினால் வெளிவிட்டம் 600 மி.மீ. ஆகும். வட்டத்தின் சுற்றளவு 1,759 மி.மீ. என்பதால் ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 73 மி.மீ. சற்றுக் கூட வரும்; இடையே 43 மி.மீ. வெளி.

சட்டத்துக்கு மகோகனி நல்லது. அல்பீசியா மலிவு, ஆனால் துணி உரச உரச நார் கிளம்பி ஒலி மங்கிவிடும். மொறட்டுவைப் பக்கத்துப் பட்டறைகளில் மகோகனித் துண்டுகளை அளவுக்கு அறுத்து வாங்கலாம். வாங்கும்போது ஈரம் பார்க்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் இரண்டு மாதத்தில் சட்டம் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் துணியைத் தொடும். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை 'டக்' என்று கேட்கும்.

சட்டங்களின் எண்ணிக்கை ஏன் 24? மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு சட்டமும் துணியைத் தட்டுவது தனித்தனியாகக் காதில் விழும். 12 சட்டம் இருந்து நிமிடத்துக்கு 20 சுற்றுச் சுற்றினால் விநாடிக்கு நான்கு தட்டு. அது காற்றல்ல, துடிப்பு. 24 ஆக்கினால் எட்டு. எட்டும் போதாது. 48 ஆக்கினால் சட்டங்கள் நெருங்கி உருளை வழவழப்பாகி, காற்றின் கூர்மை போய்விடும். இதற்கு வழி, சட்டங்களைச் சரிவாகப் பொருத்துவது. வலப்பக்க வட்டத்தை இடப்பக்க வட்டத்தைவிட விளிம்பில் 36 மி.மீ., அதாவது அரை இடைவெளி, திருப்பி வைத்துவிட்டு சட்டங்களைத் திருகினால், ஒவ்வொரு சட்டமும் துணிக்குள் ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் நுழையாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்து நுழையும். துடிப்பு முற்றாகப் போகாது. ஆனால் மண்டபத்தின் மூன்றாவது வரிசைக்கு அப்பால் அது தெரியாது. இந்தச் சரிவால் சட்டத்தின் நடுப்பகுதி உள்ளே தாழ்வது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, கவலைப்பட வேண்டியதில்லை.

சட்டத்தின் வெளி விளிம்புகள் இரண்டையும் 3 மி.மீ. ஆரத்துக்கு மழிக்க வேண்டும். கூராக விட்டால் துணி அறும். அரைவட்டமாக உருட்டிவிட்டால் 'ஸ்ஸ்' என்ற மேல் ஒலி போய் வெறும் 'உம்' மிஞ்சும். 120 உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளி முகத்துக்கு வார்னிஷ் கூடாது, மெழுகும் கூடாது. வார்னிஷ் கொழும்பின் ஈரக் காற்றில் பிசுபிசுத்துத் துணியைக் கவ்வும். மெழுகு உராய்வையே கொன்றுவிடும். மற்ற மூன்று முகங்களுக்கும் ஒரு பூச்சு அடித்தால் மரம் ஈரம் குடிப்பது குறையும்.

திருகாணி 40 மி.மீ. நீளம், பிளைவுட்டின் விளிம்பில் முன்துளை 2.5 மி.மீ. போடாமல் திருகினால் அடுக்குகள் பிளக்கும். மரப்பசையும் சேர்க்கவும். திருகாணித் தலைகள் எல்லாம் சட்டத்தின் இரு முனைகளிலும் 18 மி.மீ.க்குள் வரும். துணியின் அகலத்தை 440 மி.மீ. ஆக வைப்பது இதற்காகத்தான்: துணி அந்தத் தலைகளைத் தொடவே தொடாது.

அச்சும் சட்டகமும்

20 மி.மீ. உருக்குக் கம்பி, 900 மி.மீ. நீளம். இரண்டு இடங்களில் 5 மி.மீ. தடிப்பான, 100 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தட்டை வெல்டிங் செய்து, ஒவ்வொன்றையும் நான்கு எம்8 போல்ட்டால் வட்டத்தோடு பிடிக்க வேண்டும். தட்டு அச்சுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பட்டறையிலேயே சுற்றிப் பார்த்து வாங்குங்கள். ஒரு மில்லிமீற்றர் சாய்ந்தாலும் உருளையின் விளிம்பில் அது ஐந்து மடங்குக்கு மேல் பெருகும்.

பெயாரிங்குக்கு யூசிபி 204 இரண்டு. பஞ்சிகாவத்தையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பூட்டுத் திருகு வரும் இடத்தில் அச்சை அரத்தால் தட்டையாக்கிவிட்டு, திருகில் பூட்டுப் பசை போட வேண்டும். இது இல்லாவிட்டால் சுழற்சியின் அதிர்வில் திருகு தளர்ந்து, பிறகு உள்ளே உலோகம் உலோகத்தில் மோதும் சத்தம் வரும். ஒத்திகையில் தோல் வாத்தியக்காரர்களைப் பார்த்து 'யார் அது?' என்று கேட்கும் அளவுக்கு அது மண்டபத்தில் தெளிவாகக் கேட்கும். பெயாரிங்குக்கும் மரத்துக்கும் இடையே பழைய டயர் டியூப்பை இரண்டு மடிப்பாக வெட்டி வைத்தால் உருளும் ஒலி சட்டகத்துக்குள் இறங்காது.

சட்டகம் 75க்கு 50 மி.மீ. மரத்தில், இரு பக்கமும் முக்கோணக் கால். அச்சு தரையிலிருந்து 850 மி.மீ. உயரத்தில் இருந்தால் நின்றபடி சுழற்றும்போது முழங்கை இயல்பாக மடங்கும். கைபிடியின் கை 250 மி.மீ. இதைவிடக் குட்டையானால் கை கடுக்கும். நீண்டால் வட்டம் பெரிதாகி வேகத்தைச் சீராக வைக்க முடியாது. காலில் சில்லுப் போட வேண்டாம். மேடைப் பலகையில் சில்லு கிடுகிடுக்கும். தடித்த இறப்பர் பாதம் போதும், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

உருளையின் மொத்தப் பாரம் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். இதில் குறைக்கப் பார்க்காதீர்கள். கை ஒரு சுற்றில் மேலே தள்ளும்போது ஒரு வேகம், கீழே அழுத்தும்போது இன்னொரு வேகம். பாரமில்லாத உருளை அந்த ஏற்றத்தாழ்வை அப்படியே ஒலியாக்கும். மிகப் பாரமானால் கைபிடியை விட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். இசை நின்ற பிறகு காற்று நிற்காது.

துணி, அதன் ஒரு பக்கத்து எடை

துணி 12 அவுன்ஸ் பருத்திக் கன்வஸ், அதாவது சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 400 கிராம். இரு ஓரமும் மடித்துத் தைத்த பிறகு 440 மி.மீ. அகலம், நீளம் 2.1 மீற்றர். புதுக் கன்வஸில் கஞ்சி இருக்கும். அது உரசும்போது கீச்சிடும். இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசி, இஸ்திரி போடாமல் காயவைக்கவும். நைலோன் துணி சிலருக்குப் பிடிக்கும். ஒலி மெலிந்து விசில் போல வரும். பனிப்புயலுக்கு அது பொருந்தலாம். உப்பும் ஈரமும் கலந்த நம் கடற்காற்றின் தடிப்பு பருத்தியில்தான் கிடைக்கிறது.

இனி முக்கியமான இடம். பெரும்பாலான கைசெய் இயந்திரங்களில் துணியின் இரண்டு முனைகளையும் சட்டகத்தில் ஆணியடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் இழுவை ஒரே அளவில் நிற்கும். மெதுவான ஒலிக்கும் பலமான ஒலிக்கும் வேகத்தை மட்டுமே மாற்ற முடியும். வேகத்தைக் குறைத்தால் துடிப்பு கேட்கும். ஆகவே ஒரு முனையை மட்டும் சட்டகத்தில் இறுக்கிவிட்டு, மறுமுனையில் எடை தொங்கவிட வேண்டும்.

கிணற்றுக் கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்வதுபோல, உருளை சுற்றும்போது அது நுழையும் பக்கத்துத் துணி இறுகும், வெளியேறும் பக்கம் தளரும். துணி உருளையை அரைவட்டம் தழுவியிருக்க, பருத்திக்கும் மரத்துக்கும் உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்தால், இறுகிய பக்கத்தின் இழுவை தளர்ந்த பக்கத்தைப்போல மூன்றரை மடங்கு. எடை 1.5 கிலோ என்று கொள்வோம். சட்டகத்தில் இறுக்கிய முனையிலிருந்து எடை தொங்கும் முனையை நோக்கி உருளையின் மேற்பகுதி நகரும்படி சுற்றினால், எடைப் பக்கம் 1.5, இறுக்கிய பக்கம் 5.3, உராய்வு 3.8 கிலோ. திசையை மாற்றிச் சுற்றினால் எடைப் பக்கமே இறுகிய பக்கமாகிவிடும். அங்கே 1.5க்கு மேல் போக முடியாது. மறுபக்கம் 0.43தான். உராய்வு ஒரு கிலோ சொச்சம்.

ஒரே இயந்திரம், ஒரே வேகம், இரண்டு திசைக்கு இரண்டு பலம். முன்திசை புயலுக்கு, பின்திசை மெல்லிய காற்றுக்கு. ஸ்கோரில் அம்புக்குறியால் திசையைக் குறித்துவிட்டால், வாசிப்பவர் நிமிடத்துக்கு 40 சுற்றுக்குக் கீழே போகாமலே மிக மெல்லிய ஒலியை எடுக்கலாம். துடிப்புப் பிரச்சினையின் மிச்சமும் இங்கே தீர்கிறது. முன்திசையில் கைபிடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோ விசை வேண்டும், பின்திசையில் ஒன்றேகால். முன்திசையில் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து எழுதாதீர்கள். கை களைத்தால் காற்றுத் தள்ளாடும்.

எடைக்கு, துணி முனையில் உறை தைத்து 25 மி.மீ. மரக்கோல் ஒன்றைச் செருகி, அதிலிருந்து மணல் பை தொங்கவிடலாம். கழுவிக் காயவைத்த ஆற்று மணலாக இருக்கட்டும். கடல் மணலின் உப்பு ஈரத்தை இழுத்து, துணியைக் கறையாக்கி, பக்கத்து இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டால் கிலுங்கும். மணல் பையும் ஆடும்; ஆகவே கோலின் இரு முனைகளும் ஏறி இறங்க, கம்பளித் துணி ஒட்டிய இரண்டு செங்குத்து வழிச்சட்டங்கள் வைத்தால் ஆட்டம் நிற்கும்.

இன்னொன்று, ஈரம். பருத்தி நூல் ஈரம் குடித்தால் பருத்துத் துணி சுருங்கும், காய்ந்தால் நீளும். இரு முனையும் ஆணியடித்த இயந்திரம் பட்டறையில் இறுக்கமாக ஒலித்துவிட்டு, குளிரூட்டிய மண்டபத்தில் இரண்டு மணி நேரம் நின்றதும் தொய்ந்துபோவதற்கு இதுவே காரணம். எடை தொங்கும் அமைப்பில் நீளம் மாறினாலும் இழுவை மாறாது.

இடித் தகடு

இதே உருப்படியில் இடிச் சத்தத்துக்காக ஆட்டும் தகடு இது. இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4 அடிக்கு 8 அடி தட்டையான நாகமுலாம் தகடு, 0.5 மி.மீ. தடிப்பு, பாரம் 11 கிலோவுக்குச் சற்று மேல். பழைய சோனகத் தெருவில் வாங்கலாம். சுருட்டிக் கொண்டுவராமல் நேராகக் கொண்டுவர வேண்டும், மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் தகரச் சத்தம் கேட்கும். கூரைக்குப் போடும் அலைத் தகடு உதவாது. அது ஒரு திசையில் வளையவே வளையாது. மேல் விளிம்பை இரண்டு மரச் சட்டங்களுக்கு இடையே போல்ட் போட்டு இறுக்கித் தொங்கவிட்டு, கீழே கைபிடி ஒன்று. ஓரங்களை மடித்தோ அராவியோ விடுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வாசிக்கும்போது தெரிந்திருக்க வேண்டியது: தகட்டை ஆட்டிய உடனே வருவது தாழ்ந்த உறுமல் மட்டும். ஆட்டத்தின் ஆற்றல் மெல்லிய தகட்டில் தாழ்ந்த அதிர்வுகளிலிருந்து மேல் அதிர்வுகளுக்கு ஏறுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அதன் பிறகே வெடிப்பு. நடத்துநரின் கை இறங்கும்போது தொடங்கினால் இடி பிந்தும். ஸ்கோரில் தாளத்தின் அரைத் தட்டு முன்னால் எழுதுங்கள்.

எப்போது சுழற்றுவது

இங்கே நம் ஊரின் வானிலையைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஸ்கோர்களைப் படித்துப் பழகியவர் கை காற்றையும் இடியையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடும். கொழும்பில் அவை பெரும்பாலும் வெவ்வேறு மாதத்தவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப் பெயர்ச்சி: சோளகம் நாள்கணக்கில் ஓயாமல் அடிக்கும், கடல் கொந்தளிக்கும், இடி குறைவு. இடியும் மின்னலும் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இடைப்பருவப் பெயர்ச்சிக் காலத்தின் பின்னேரங்களில். அப்போது காற்று அநேகமாக அசையாது. புழுக்கம், பிறகு மழைக்குச் சற்று முன் ஒரே ஒரு வீச்சு, அதன்பின் மழை. ஆகவே இந்த உருப்படியில் காற்று இயந்திரமும் இடித் தகடும் ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை. முதல் பகுதி ஏப்ரல் பின்னேரம்: அங்கே இயந்திரம் ஒரே தடவை, பத்து விநாடிக்கு, முன்திசையில். இரண்டாம் பகுதி ஜூன்: அங்கே இரண்டரை நிமிடம், அநேகமாக முழுவதும் பின்திசையில்.

ஏப்ரல் பகுதியின் புழுக்கத்துக்கு முதல் வயலின்களை மேல் ஸ்தாயியில் ஒரே சுரத்தில் நிறுத்தி, செலோவையும் டபிள்பேஸையும் தாழ்ந்த எட்டுச்சுரத்தில் வைத்து, நடுவை வெறுமையாக விட்டோம். நடுவே ஒன்றும் இல்லாதபோது காது மேலுக்கும் கீழுக்கும் உள்ள தூரத்தை அளக்கத் தொடங்குகிறது. ரஷ்ய இசையமைப்பாளர் போரோடின் 1880இல் மத்திய ஆசியப் புல்வெளியை வரைந்தபோது வயலின்களில் மேலே ஒரே சுரத்தை நெடுநேரம் நிறுத்தியதும் இந்தக் கணக்குத்தான். கிளாரினெட்டோ வியோலாவோ அந்த நடுவில் ஒரு சுரம் வாசித்தால் போதும், வெளி அறையாகிவிடும். ஒத்திகையில் வியோலாக்காரர்கள் சும்மா இருக்கிறோமே என்று ஏதாவது சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். சேர்க்கக் கூடாது.

தூரத்து இடிக்குத் தகடு வேண்டாம். காற்று வழியே வரும்போது ஒலியின் மேல் அதிர்வெண்கள் முதலில் தேயும்; தொலைவில் மிஞ்சுவது உறுமல் மட்டும். பெரிய மேளத்தை மிருதுவான கோலால் உருட்டுவது, அதோடு பேதோவன் வழி. 1808இல் அரங்கேறிய ஆறாம் சிம்பொனியின் புயலில் செலோக்கள் ஒரு தட்டுக்கு ஐந்து சுரம் ஓட, டபிள்பேஸ்கள் அதே தட்டுக்கு நான்கு சுரம் ஓடும். இரண்டும் ஒட்டாமல் குழம்பி, சுரம் என்று பிரித்தறிய முடியாத உருளல் பிறக்கிறது. எந்த இயந்திரமும் இல்லாமல், வெறும் எட்டுப் பேரால் இதைச் செய்யலாம். வாசிப்பவர்கள் நல்லெண்ணத்தோடு ஒருவரோடொருவர் ஒத்துப்போகப் பார்ப்பதுதான் இங்கே வரும் ஒரே சிக்கல். ஐந்தும் நான்கும் தனித்தனியாகப் பழகிய பிறகே சேர்த்து வாசிக்க விடுங்கள். மின்னலுக்கு நெருங்கிய இடி வரும் ஒரே இடத்தில் மட்டும் தகடு. மின்னலாகப் பிக்கலோ என்ற சிறு புல்லாங்குழலில் ஒரு கீற்று, இடைவெளி மூன்று விநாடி. ஒலி மூன்று விநாடியில் ஒரு கிலோமீற்றர் வரும் என்பதால், இடி ஒரு கிலோமீற்றர் தள்ளி விழுந்ததாகக் கேட்கும். அந்த மூன்று விநாடியில் மற்ற எல்லோரும் மௌனம்.

ஜூன் பகுதியே இயந்திரத்துக்கான இடம். தெற்கே வெகுதூரத்தில் பிறந்து வரும் பெரிய அலைகளின் இடைவெளி பத்து விநாடிக்கு மேல் இருக்கும். கரையோரக் காற்று எழுப்பும் சிற்றலைகள் அதைவிட நெருக்கமானவை. மரைன் டிரைவில் நின்று கைக்கடிகாரத்தில் பார்த்தாலே இரண்டும் தெரியும். நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில், முக்கால் தாளத்தில், அதாவது பாருக்கு மூன்று தட்டாக, நான்கு பார் என்றால் 12 விநாடி. செலோவும் டபிள்பேஸும் அந்த நான்கு பாருக்கு ஒரே ஏற்ற இறக்கம். இரண்டாம் வயலின்கள் ஐந்து தட்டுக்கு ஒன்றாக அதன் மேல். 12ம் 5ம் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் சேர்ந்து விழும். அந்த இடத்தில் ஹோர்ன் வரும். ஒரே வில்லில் 12 விநாடி மெல்லியதாக இழுப்பது எல்லோருக்கும் வராது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் வெவ்வேறு இடத்தில் வில்லை மாற்ற வேண்டும் என்று பாகத்திலேயே எழுதிவிடுங்கள்; சொல்லி வைத்தால் மறந்துபோகும்.

இயந்திரம் ஒன்பதாம் பாரில் நுழைகிறது. தனியாக நுழையவில்லை. முதல் வயலின்கள் மூன்று பேர், தந்திகளைத் தாங்கும் பாலத்தருகே, வில் நடுக்கத்தோடு ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்க, இரண்டு புல்லாங்குழல்கள் சுரமில்லாமல் மூச்சை மட்டும் ஊத, அதற்கு அடியில் உருளை பின்திசையில் அசையத் தொடங்குகிறது. வயலின்கள் நிறுத்தும்போது காற்று மட்டும் மிஞ்சும். கேட்பவருக்கு அது தொடங்கிய கணம் கிடைக்காது. அதற்குக் கீழே டபிள்பேஸில் ஒரு 'டி' சுரம் கடைசிவரை அசையாமல் நிற்கிறது. இதைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் 'டொன் கிஹோட்டே'தான். கண்ணைக் கட்டிய வீரன் மரக்குதிரையில் வானத்தில் பறப்பதாக நம்பும் மாறுபாட்டில் (மூல மெட்டை மாற்றி வாசிக்கும் பகுதியில்) காற்று இயந்திரம் சுழல்கிறது, புல்லாங்குழல்கள் சுழல்கின்றன. டபிள்பேஸ் மட்டும் 'டி'யை விடுவதில்லை, ஏனென்றால் குதிரை தரையைவிட்டு எழவேயில்லை. காற்றுக்குத் தரை வேண்டும். கீழே நிலையான ஒன்று இல்லாத காற்று எங்கே வீசுகிறது என்று கேட்பவருக்குப் பிடிபடாது.

கைபிடிக்காரருக்கு ஒரு கண்டிப்பான குறிப்பு: நடத்துநரின் தட்டோடு சுற்றக் கூடாது. வேகம் 60 தட்டு, உருளையும் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால், கை தானாகவே தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். காற்று அணிவகுத்து நடக்கும். பாகத்தில் சுற்று வேகத்தை எண்ணாக எழுதி, அந்த எண் தாள வேகத்தோடு நேராக வகுபடாமல் பார்த்துக்கொண்டோம்: மெல்லிய இடத்துக்கு 44, நடுத்தரத்துக்கு 52, உச்சத்துக்கு 85. ஏற்ற இறக்கம் அலையின் நான்கு பார்களோடும் பொருந்தக் கூடாது. ஏழு பார், ஐந்து பார், ஒன்பது பார் என்று ஒழுங்கில்லாமல் வரட்டும். தாளக் கருவி பழகியவரைவிட, கூட்டுப்பாட்டில் மூச்சை நீட்டிப் பாடிப் பழகியவர் இந்தக் கைபிடியை நன்றாகச் சுற்றுகிறார்.

மண்டபத்தில்

குளிரூட்டியின் இரைச்சலும் காற்று இயந்திரத்தின் ஒலியும் ஒரே வகை: இரண்டும் பரந்த அதிர்வெண்ணில் பரவிய சீற்றம். ஆகவே குளிரூட்டி ஓடும் மண்டபத்தில் பின்திசையின் மெல்லிய ஒலி முழுவதாக விழுங்கப்படும். வயலின்களுக்கு நேராத நிலை இது. ஒத்திகையைக் குளிரூட்டி போட்ட நிலையிலேயே வைக்க வேண்டும். மண்டபத்தார் இசைவு தந்தால் இந்த உருப்படி தொடங்குமுன் விசிறியின் வேகத்தைக் குறைப்பது சிறந்தது. முடியாவிட்டால் எடையை 1.5இலிருந்து 2 கிலோவுக்கு ஏற்றுங்கள். பின்திசையின் ஒலி கேட்கும் அளவுக்கு உயரும். முன்திசையில் கைபிடி ஆறு கிலோ விசை கேட்கும், ஆனால் அங்கே பத்து விநாடிதானே.

இயந்திரத்தை வியோலாவுக்குப் பின்னால், துணியைச் சட்டகத்தில் இறுக்கிய பக்கம் சபையை நோக்கி வைக்கவும். தொங்கும் ஒலிவாங்கிகளுக்கு நேர் கீழே வேண்டாம். பதிவில் அது மற்ற எல்லாவற்றையும் மூடும். முன்வரிசையில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, உருளை எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் கையை உயர்த்தச் சொல்லுங்கள். கை நான்கைந்து பார் பிந்தி உயர்ந்தால் நுழைவு சரி.

கச்சேரி முடிந்ததும் மணல் பையைக் கழற்றி, துணியை உருவி, காய்ந்த இடத்தில் தனியாகச் சுருட்டி வைக்க வேண்டும். உருளையில் போர்த்தியபடி விட்டால் சட்டங்கள் தொட்ட கோடுகளில் பூஞ்சணம் கறுப்பாகப் பிடிக்கும், அந்த இடங்களில் துணி நைந்து அடுத்த பருவத்தில் கிழியும். பெயாரிங்குக்கு வருடம் ஒரு முறை கிரீஸ். சட்டகத்தின் பாதத்தைத் தரையில் நேரடியாக விடாமல் இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்தால் கறையான் ஏறுவதைக் கண்ணால் பார்த்துத் தடுக்கலாம்.